நல்லெண்ணம் மட்டும் போதுமா?



“உன் வீட்டில் எருக்கு முளைக்க!” என்று சபிப்பது நம் ஊர்களில் பழைய வழக்கம். சென்ற ஆண்டு எங்கள் மத்ரஸாவின் பின்மதிலை ஒட்டி வளர்ந்திருந்த எருக்கை வெட்டச் சொன்னவன் நான்தான். அதைத் தவறென்று நான் அப்போது எண்ணவில்லை. எண்ண வைத்தவள், அமெரிக்காவில் வாழும் என் தங்கை.

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் அவள் குடியிருக்கிறாள். மோனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சி அருகி வருகிறது என்று பள்ளியில் கேட்டறிந்த அவளுடைய மகள், வீட்டுக்கு வந்து அழுதாளாம். மகளின் கண்ணீரைத் துடைக்க, அப்பூச்சிக்கு உணவாகும் செடியைக் கடையில் வாங்கி வந்து தோட்டத்தில் நட்டாள் என் தங்கை.

மோனார்க் எத்தகைய படைப்பு என்பதை அறிவீர்களா? அதன் எடை ஒரு கிராம்கூட இல்லை. ஆயினும் இலையுதிர் காலத்தில் கனடாவின் தென்பகுதியிலிருந்து புறப்பட்டு, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து, மத்திய மெக்சிகோவின் மலைக்காடுகளை அடைகிறது. முன்பு அவ்வழியே சென்றவை அதற்கு மூன்று நான்கு தலைமுறை மூத்தவை. வழிகாட்ட எவருமில்லை, வழியோ தவறுவதில்லை! அக்காடுகளை அறிவியல் உலகம் கண்டறிந்ததே 1975ஆம் ஆண்டில்தான். 1996–97 குளிர்காலத்தில் அங்கே சுமார் 18 ஹெக்டேர் பரப்பில் மரங்களை மூடியிருந்த பூச்சிகள், 2023–24இல் ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த பரப்பில் அடங்கிவிட்டன.

காரணங்கள் பல. அவற்றுள் பெரிய ஒன்று, உணவுச் செடியின் அழிவு. மோனார்க்கின் புழு, ‘மில்க்வீட்’ எனப்படும் பால்செடிகளின் இலையைத் தவிர வேறெதையும் தின்று வளர்வதில்லை. எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடிகள் வயல்களில் தாமாகவே முளைத்து வந்தவை. களைக்கொல்லியைத் தாங்கி நிற்கும் மக்காச்சோளமும் சோயாவும் 1990களின் பிற்பகுதியில் பரவியபின், தெளித்த மருந்தில் பால்செடிகள் மடிந்தன.

என் தங்கை நட்டதும் பால்செடிதான். ஆனால் அது அந்த மண்ணுக்குரியதன்று. வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்துக் கண்ணைப் பறிக்கும். அங்குள்ள நாட்டுச் செடிகள் குளிர்காலத்தில் தரைவரை காய்ந்துவிடும். வந்த செடியோ, உறைபனி அரிதான அக்கடலோரத்தில் ஆண்டு முழுவதும் பசுமையாய் நிற்கிறது. அதனால் சில பூச்சிகள் பயணத்தை மறந்து அங்கேயே முட்டையிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணியின் வித்துகள் இலைகளில் சேர்ந்துகொண்டே போகின்றன. அவற்றைத் தின்னும் புழுக்கள் நோயுறுகின்றன. நோய் முற்றியவை, விரிக்க முடியாத இறக்கைகளுடன் கூட்டிலிருந்து வெளிவருகின்றன. அப்படியொன்றைத் தோட்டத்தில் முதலில் கண்டவள் அந்தச் சிறுமியே.

“காக்கா, நல்லது செய்கிறேன் என்று நானே நோயை வளர்த்துவிட்டேனே!” என்று தொலைபேசியில் வருந்தினாள் தங்கை.

அச்செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு, டெக்சாஸ் மண்ணுக்குரிய பால்செடியின் விதைகளைத் தேடிப் பெற்றாள். ஈரத்துணியில் பொதிந்து குளிர்பெட்டியில் பல வாரங்கள் வைத்த பிறகே விதைத்தாள். அந்தக் குளிர் பட்டால்தான் அவை நன்கு முளைக்கும். பூக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தாயும் மகளும் பொறுமையுடன் காத்திருக்கிறார்கள்.

அவள் பேசி முடித்ததும், நான் வெட்டிய எருக்கு என் நினைவில் வந்து நின்றது. அன்று ஒரு மாணவன், “உஸ்தாத், இதில் புழு இருக்கிறது!” என்று வெட்டிய கிளையை ஏந்தி வந்தான். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகள். முதுகில் மூன்று இணைக் கொம்புகள். “தூர எறி” என்றேன். அது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு என்பதை இப்போது அறிகிறேன். மோனார்க்குக்கு நெருங்கிய உறவு. மோனார்க் புழுவுக்குக் கொம்பு இரண்டே இணை.

அவள் அன்பினால் அந்நியச் செடியை நட்டாள். நான் இகழ்ச்சியால் நம் மண்ணின் செடியை அழித்தேன். இருவரிடமும் இல்லாதது அறிவு ஒன்றே. அதை உணர்ந்ததும் அவள் திருத்திக்கொண்டாள். நான்?

மதிலோரத்தில் அந்த எருக்கு மீண்டும் துளிர்த்திருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் தீங்கு என்று மாணவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வெட்டச் சொல்லவில்லை. உங்கள் கொல்லையில் கத்தியை ஓங்குமுன், இலையின் அடிப்புறத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அங்கே ஓர் உயிர் தன் உணவை உண்டுகொண்டிருக்கக்கூடும்.