ஒரகடத்தில் யாரும் காத்திருப்பதில்லை

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் பஸ் வேகமெடுத்ததும் போனில் மேப்பைத் திறந்து பாருங்கள். தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து தெற்கே திரும்பினால் வல்லம், ஒரகடம் என்று வழிநெடுக ஆலைப் புள்ளிகள் கொட்டிக் கிடக்கும். ஓப்பன் வேர்ல்ட் கேம் ஆடிப் பழகியவனுக்குக் கை பரபரக்கும். ஒவ்வொரு புள்ளியாகப் போய் அழித்துவிட்டு வரலாமா என்று தோன்றும்.

அந்தப் பரபரப்பின் மீதுதான் எனக்குக் கோபம். முந்தைய இரவு தூங்காமல் ‘தி விட்சர் 3’ ஆடியிருந்தேன். 2015-ல் வந்த ஆட்டம், உலகமே கொண்டாடிய ஆட்டம். எனக்கும் பிடிக்கும், பிடிக்காத ஆட்டத்தின் மேல் யார் கோபப்படுவார்கள்? கதாநாயகன் கெரால்ட், தான் வளர்த்த சிரி என்ற பெண்ணைத் தேடிப் புறப்படுகிறான். பேய்க் குதிரைப்படை ஒன்று அவளைத் துரத்துகிறது. தாமதித்தால் அவ்வளவுதான் என்று வழியில் பார்ப்பவர்களெல்லாம் எச்சரிக்கிறார்கள். நான் என்ன செய்கிறேன்? சாராயக் கடையில் உட்கார்ந்து குவென்ட் சீட்டு ஆடுகிறேன். ஸ்கெலிகே தீவுகளைச் சுற்றிக் கடல் முழுக்கக் கேள்விக்குறிகள் மிதக்கின்றன. படகை ஓட்டிப் போனால் கடத்தல்காரர்கள் விட்டுச் சென்ற சரக்கு, அதற்குக் காவலாக மேலே வட்டமிடும் சைரன்கள். அவற்றை அடித்து வீழ்த்தி மூழ்கி எடுத்தால், விற்றால் நாலு காசு தேறாத ஒரு கத்தி. அடுத்த கேள்விக்குறிக்குப் படகைத் திருப்புகிறேன். சிரி எங்கே போய்விடப் போகிறாள்? நான் போய்ச் சேரும் அன்றைக்குத்தான் அவளுக்கு ஆபத்து வரும்.

பரப்பு பெரிது என்பது குற்றமில்லை. அதே ஆட்டத்தில் வேலன் என்ற சதுப்பு நிலப் பகுதியில் பிளடி பேரன் என்று ஒரு குடிகாரப் பிரபு வருகிறான். மனைவியையும் மகளையும் காணவில்லை, கண்டுபிடித்துக் கொடு என்கிறான். அவர்கள் ஏன் போனார்கள் என்பதை அவன் வாயிலிருந்து லேசில் வாங்க முடியாது. வீட்டுச் சுவரை மோந்து, ஊராரை விசாரித்து, ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தால் அந்த ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்வான். குடி, அடிதடி, கருவிலேயே போன குழந்தை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அது முடியும்வரை எனக்கு மேப்பைத் திறக்கத் தோன்றியதே இல்லை. எழுதத் தெரிந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். பிறகு எதற்கு அந்தக் கடல்?

ஸ்ரீபெரும்புதூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ராமானுஜரும், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21-ம் நினைவுக்கு வரும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பையன்களுக்கு எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்பதுதான் சேதி. எனக்கு நினைவுக்கு வந்தது நோக்கியா. 2006-ல் இங்கே ஆலையைத் தொடங்கி, கோடிக்கணக்கில் போன் செய்து, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் போனார்கள். நோக்கியா 6110 போனில் 1997-ல் வந்த ஸ்னேக் விளையாட்டை இந்த ஊரில் ஆடாத கை இருக்காது. உள்ளங்கைக்குள் அடங்கும் சாம்பல் திரைதான் அதன் மொத்த உலகம். ஆனால் பாம்பு நிற்காது. நீங்கள் யோசிக்கிறீர்கள் என்பதற்காக அது காத்திருக்காது, தின்னத் தின்ன வால் நீண்டு இடம் குறைந்துகொண்டே வரும். அதில் கதை என்று எதுவும் இல்லை, ஆனாலும் அதில் இருந்த அவசரம் பல நூறு கோடியில் எடுத்த ஆட்டங்களில் இல்லை.

ஒரகடம் போகும் ஆறுவழிச் சாலையில் இரண்டு பக்கமும் மதில்தான். மதிலுக்குள் சிப்காட் மனைகள், மனைகளுக்குள் ஆலைகள். 2010-ல் ரெனோவும் நிசானும் கூட்டாகக் கார் செய்யத் தொடங்கிய ஆலை, டயர் செய்யும் அப்பல்லோ, லாரி செய்யும் டைம்லர், புல்லட் செய்யும் ராயல் என்ஃபீல்டு. எந்த கேட்டிலும் நமக்கு வேலையில்லை. செக்யூரிட்டி நம்மை ஏற இறங்கப் பார்ப்பதோடு சரி. பக்கத்தில் வடக்குப்பட்டில் 2022-ல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. அதற்கு வழிகாட்டும் பலகை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பேப்பரில் படித்தவனுக்குத்தான் தெரியும். இதே இடம் கேமாக இருந்திருந்தால் அங்கே ஒரு கேள்விக்குறி மின்னிக்கொண்டிருக்கும், நானும் போய் எடுத்துவிட்டு மறந்திருப்பேன்.

ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடை. ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, முன் கண்ணாடியில் ரூட் எழுதிய அட்டை. கழுத்தில் டேக் தொங்க இறங்குபவர்கள் ஒரு பக்கம், டிபன் பாக்ஸோடு ஏறுபவர்கள் ஒரு பக்கம். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன், விழுப்புரம் பக்கமாம், ஐடிஐ முடித்துவிட்டு டிரெயினியாக இருக்கிறான், போனைக் குறுக்காகப் பிடித்து ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடிக்கொண்டிருந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“டீ ஆறுது தம்பி.”

“ஜோன் வருதுண்ணா.”

50 பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். தீவு முழுக்க எங்கு வேண்டுமானாலும் போகலாம், எந்த வீட்டையும் துழாவலாம். ஆனால் பாதுகாப்பு வளையம் சுருங்கிக்கொண்டே வரும், வெளியே மாட்டினால் உயிர் கரையும். ஆட்டம் பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு அதற்குப் பின்னால் ஒரு கடிகாரத்தையும் ஏவிவிட்டிருக்கிறார்கள். கதை கிடையாது, துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்கக் காசு பிடுங்குகிறார்கள், எனக்குப் பிடித்த ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

கதையும் வேண்டும், கடிகாரமும் ஓட வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2000-ல் வந்த செல்டா வரிசை ஆட்டம் ‘மஜோராஸ் மாஸ்க்’. மூன்று நாளில் நிலா ஊர் மேல் விழப் போகிறது. ஊரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டவணை. தபால்காரர் தன் நேரத்துக்குக் கிளம்புவார், நீங்கள் அங்கே இருந்தால் பார்ப்பீர்கள், இல்லாவிட்டால் இல்லை. 2019-ல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ஸில் 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும். ஒரு கிரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும், தாமதமாகப் போனால் குகை மணலில் மூடியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. முழு சூரிய மண்டலமும் திறந்துதான் கிடக்கிறது, எதுவும் உங்களுக்காக நிற்பதில்லை. இவற்றில் சுற்றித் திரிவதும் கதைதான். பிந்திப் போனதற்குக்கூட அங்கே அர்த்தம் உண்டு.

பையன் தோற்றுவிட்டான். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நான் என்ன ஆடுவேன் என்று கேட்டான். விட்சர் கதையைச் சொன்னேன்.

“அப்போ அந்தப் பொண்ணைத் தேடிப் போகாம சீட்டாடினா என்னாகும்ணா?”

“ஒண்ணும் ஆகாது. நான் போறவரைக்கும் அவ இருப்பா.”

“எத்தனை நாள் கழிச்சுப் போனாலும்?”

“எத்தனை நாள் ஆனாலும்.”

“அப்புறம் எதுக்குண்ணா துரத்துறான்னு சொல்றானுங்க?” என்று கேட்டுக்கொண்டே எழுந்தவன், நகர ஆரம்பித்திருந்த பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டியபடி ஓடி ஏறிக்கொண்டான்.