சட்டத்தரணியும் பச்சைத் திரையும்

கல்முனை நீதிமன்றங்களை அண்டிய வீதிகளில் நடப்பவர் கண்ணில் முதலிற் படுவன பெயர்ப்பலகைகளே. சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு, சத்தியப்பிரமாண ஆணையாளர் என ஒரே பெயரின் கீழ் அடுக்கப்பட்ட பதவிகளுக்கு அப்பால், அத்தொழில் தன்னைப் பற்றி யாதொன்றும் கூறிக்கொள்வதில்லை. அதே வீதியிலுள்ள புடவைக்கடையும் நகைக்கடையும் தனியார் கல்வி நிலையமுமோ, உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியிலும் கைப்பேசித் திரையிலும் ஓயாமல் முழங்குகின்றன.

அம்முழக்கம் உருவாகும் இடத்தைக் காண விரும்பி ஒரு மாடியறைக்குப் போனேன். கலியாண வீடியோதான் அங்கே அன்றாட வருவாய். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் நெருங்கும்போது விளம்பர வேலை வந்து குவியும். சுவரில் இழுத்துக் கட்டிய பச்சைத் துணி, இரு பக்கமும் விளக்குகள், கலியாணத்துக்குக் கொண்டுபோகும் அதே கமரா, மூலதனம் இவ்வளவே. துணியின் மீது ஒளி ஒரே சீராக விழாவிடில், கணினியிற் பச்சையை நீக்கும்போது கடை முதலாளியின் தலைமயிரோரத்தில் அது பாசிபோல் ஒட்டிக்கொண்டு நிற்குமாதலால், விளக்கை அரை அடி முன்னும் பின்னும் நகர்த்தி அங்கிருந்த இளைஞர் காட்டிய சிரத்தை, பெருஞ்செலவிற் படமெடுப்போரிடத்தும் எளிதிற் காணக் கூடியதன்று. குரற் பதிவுக்கென வேறு அறை கிடையாது. மின்விசிறியை நிறுத்தி, யன்னலை அடைத்து, மெத்தையொன்றைச் சுவரோரம் நிமிர்த்திவிட்டு, வியர்வை சொட்ட ஒருவர் வாசிக்கிறார். அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதை இலங்கை வானொலியிற் கேட்டு வளர்ந்தவராகையால், ஒலிவாங்கியின் முன் நின்ற மாத்திரத்தே அவருடைய ஊர்ப்பேச்சு மறைந்து, அழுத்தந்திருத்தமான உச்சரிப்பு வந்து அமர்ந்துவிடுகிறது. முப்பது விநாடிக்குள் தம் முகமும் தம் வாப்பாவின் படமும் கடையின் மூன்று மாடிகளும் வரவேண்டுமென்று முதலாளி கேட்பார். "காக்கா, மத்ததெல்லாம் வெட்டுவம், டெலிபோன் நம்பர் மட்டும் கடைசி வரைக்கும் கீழ நிக்கட்டும்" என்று இளைஞர் சொல்வதில்தான் தொழிலறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. கூலி மட்டும் பெருநாள் கழிந்தே கைக்கு வரும்.

சட்டத்தரணிகள் எவரேனும் வந்ததுண்டோ என வினவினேன். "அவங்க வரமாட்டாங்க சேர்; வந்தா கறுப்புக் கோட்டக் கழட்டவேண்டி வரும்" என்று சிரித்தார் உரிமையாளர். சட்டத்தரணிகளின் நடத்தையும் ஒழுக்கமும் பற்றி உயர் நீதிமன்றம் 1988இல் ஆக்கிய விதிகள் தொழில் தேடி விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. அமெரிக்காவிலும் இத்தகைய தடை இருந்ததுதான். அரிசோனாவைச் சேர்ந்த பேட்ஸ், ஓ'ஸ்டீன் என்னும் இரு இளம் வழக்கறிஞர்கள் விவாகரத்து முதலியவற்றுக்குரிய கட்டணங்களைக் குறித்து 1976இற் பத்திரிகை விளம்பரம் செய்து, அதனால் எழுந்த வழக்கில் 1977இல் ஒரேயொரு வாக்கு மேலோங்கி வெற்றி பெற்ற பின்னரே, சட்டநூல் அடுக்கின் முன்னின்று "விபத்தில் அடிபட்டீர்களா?" என்று கூவும் மலிவான தொலைக்காட்சி விளம்பரங்கள் அந்நாட்டிற் பெருகின.

அக்கூச்சல் நமக்கு வேண்டாமென்பாருடன் எனக்குப் பிணக்கில்லை. ஆயினும் உயர் நீதிமன்றத்திற் சத்தியப்பிரமாணம் செய்து ஊர் திரும்பும் இளைஞருக்கு நண்பர்களும் விளையாட்டுக் கழகமும் ஆளுயர வாழ்த்துப் பதாகை கட்டி, பத்திரிகையிலும் படம் வெளியிடுகிறார்கள். அதே அறையில் அதே கணினியில் ஆகும் அவ்வேலை வாழ்த்தென்றே கருதப்படுகிறது. முகமும் பட்டமும் வீதியில் நிற்கலாம், ஓர் உறுதி எழுதக் கூலி எவ்வளவென்பது மட்டும் வெளிவரலாகாது என்னும் இவ்வொழுங்கு யாருக்கு நன்மை தருவது? பேட்ஸ் செய்ததுபோற் கட்டணத்தைப் பகிரங்கமாய்ச் சொல்வதே நேர்மையானதென்பது என் கருத்து.

கட்டணம் மட்டுமன்று, சட்டமே மக்களுக்கு எட்டாமற் போவதுமுண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி, இலங்கை மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களை இழந்தபோது, கல்முனையை அடுத்த மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மக்களோடு காணி உறுதிகளும் போயின. காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவுசெய்யவும், பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பராமரிப்பை ஒழுங்குசெய்யவும் 2005இன் 16ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. அப்படியொரு சட்டம் உண்டென்பதே தம் தாய்க்கு அண்டை வீட்டார் சொல்லித்தான் தெரியவந்தது என்று அந்தக் குரல் கொடுப்பவர் என்னிடம் கூறினார்.

ஏழைகளுக்கு இலவசமாக வழக்காடுதற்கென 1978இன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தொழில் தேடவேண்டிய அவசியம் அதற்கில்லை. எவ்வழக்குக்கு உதவி கிடைக்கும், எங்கே செல்லவேண்டும், எந்தப் பத்திரங்களைக் கொண்டுபோகவேண்டும் என்பவற்றை முப்பது விநாடியில் ஊர்மக்களின் தமிழிலேயே சொல்லுமாறு ஆணைக்குழுவினர் இந்த மாடியறையினரிடம் ஒரு விளம்பரம் செய்விப்பாராக. அதற்குரிய கூலியைப் பெருநாளுக்கு முன்னரே கொடுப்பாராக.