அரிந்த ஓர் அங்குலம்

2018 ஐப்பசியில் அக்காவின் உழவு மெசினை நாசமாக்கியவன் நான். அதை ஓட்டிய பொடியன் அல்ல. ஊரில் எல்லாரும் அவன்தான் என்று நினைக்கிறார்கள். நினைக்க விட்டது நான்.

நான் கராஜ்காரன் இல்லை. முரசுமோட்டையில் என்னை அப்படி எண்ணிக்கொள்வார்கள், நானும் மறுத்ததில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. வன்னிக்குள் உதிரிப்பாகம் வராது. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். கிடைத்ததை வெட்டி, ஒட்டி ஓட வைத்தோம். அன்றைக்கு அது தேவை. 2018இல் அது வெறும் செருக்கு. கிளிநொச்சிக் கடையில் சாமான் இருந்தது. பஸ்ஸில் அரை மணி நேரம்.

அத்தானை 2009இல் இழந்த அக்கா, அந்த மெசினை வாடகைக்கு விட்டுத்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். ஒயில் அளவு பார்க்கும் கம்பி இறங்குகிற குழாய் வாய்ப்பக்கம் வெடித்திருந்தது. அதை இறுக்கிப் பிடிக்கும் போல்ற் எப்போதோ விழுந்துபோக, அதிர்வில் வந்த வெடிப்பு. "புதுசு வாங்குவமே, தம்பி?" என்று அக்கா கேட்டாள். காசையும் நீட்டினாள். "இதுக்கும் காசோ?" என்று சிரித்தேன்.

வேப்பமரத்தின் கீழ் வைத்து, வெடித்த துண்டை வாளால் அரிந்தேன். ஓர் அங்குலம். வாயை அரத்தால் தேய்த்துக் கம்பியை இறக்கினேன். அழகாக இருந்தது.

கம்பியின் தலை குழாயின் வாயில்தான் குந்தும். வாய் ஓர் அங்குலம் இறங்கினால், கம்பியும் ஒயில் நிற்கும் சம்புக்குள் ஓர் அங்குலம் கூட இறங்கும். குறைந்த ஒயிலையும் நிறைவாகக் காட்டும். இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால் பொய். கம்பியை இழுத்துப் பார்த்தபோது ஒயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. முதல் நாள் அப்படி இல்லை. ஒரு கணம் கை நின்றது. ஏன் என்று யோசித்திருந்தால் அரிந்தது பிழை என்று ஒப்ப வேண்டும். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒயில் கூடிப்போச்சு" என்று சொல்லி, அடி நட்டைத் தளர்த்தி ஒன்றரை லீற்றரை வெளியே விட்டேன்.

அந்த ஒரு கணத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன். கை நின்றது உண்மை.

ஒயில் விளக்கும் எரிவதில்லை. வயர் அறுந்து கிடந்தது. அதையும் நான்தான் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன்.

பொடியனுக்கு அப்போது இருபது வயதிருக்கும். ஒவ்வொரு நாளும் காலமை கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்ப இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். கம்பி அவனுக்குப் பொய் சொன்னது. பழைய எஞ்சின், ஒயில் குடிக்கும். ஒன்பதாம் நாள் வரம்பில் சரிந்து ஏறும்போது உள்ளே தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. அவன் நிற்பாட்ட முதல் எஞ்சின் இறுகிவிட்டது.

அன்று பின்னேரமே கிளிநொச்சிக்குப் போனேன். புதுக் குழாய் வாங்கினேன். ஒரு நாள் கூலிகூட இல்லை அதன் விலை. இருட்டில் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பழையதைப் பிடுங்கினேன். ஓட்டைக்குள் துரு விழாமல் துடைத்து, புதியதைத் தட்டி இறுக்கினேன். மிகச் சரியாகச் செய்தேன். புதிதாய்த் தெரியாமல் கரி பூசினேன். பழையதை வாய்க்காலில் எறிந்தேன்.

அடுத்த நாள் மெக்கானிக் வந்து கம்பியை இறக்கினார். நுனிகூட நனையவில்லை. பொடியனை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஒவ்வொரு நாளும் பாத்தனான், அண்ணை" என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். நான் குனிந்து சாவிகளைப் பொறுக்கினேன்.

அக்கா அவனை வேலையால் நிற்பாட்டினாள். அந்தப் போகத்தில் வேறு யாரும் அவனுக்கு மெசின் கொடுக்கவில்லை. எஞ்சின் வேலைக்கு அக்காவின் காப்புகள் அடகுக்குப் போயின. அவளை நம்பியிருந்த நாலு காணிக்காரர் மழைக்கு முன் விதைக்க முடியாமல் பிந்தினார்கள். டிசம்பரில் பெருமழை கொட்டி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது, பிந்திய பயிர் இன்னும் குட்டை. தண்ணீர் மூடிவிட்டது. முந்தி விதைத்த வயல்களும் அழிந்தனதான். அதைச் சொல்லித்தான் பல இரவு என்னைத் தேற்றினேன். வெள்ளம் எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

அக்காவிடம் போன மாதம் சொன்னேன். அவள் பேசவில்லை. தேத்தண்ணி வைத்துத் தந்தாள், தான் குடிக்கவில்லை.

பொடியனிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளத்துக்குப் பிறகொரு வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலில் அவனைக் கண்டேன். தோளில் ஒரு குழந்தை. அவனாகவே வந்து கதைத்தான்.

"அக்கான்ர மெசின் இப்ப ஓடுதோ, அண்ணை?"

"ஓடுது" என்றேன்.