திரும்பி வந்த இளவரசன்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வந்த புதிது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால் ஏசிக் குளிரும் தரைவிரிப்பின் முடைநாற்றமும் மெஷின் சூட்டு வாசனையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். பாடம் சீக்கிரம் முடிந்த சாயங்காலங்களில் அங்கிருந்த அண்ணன் ஃபிளாப்பியைச் செருகி ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ ஆட்டம் போட்டுத் தருவார். ஒரே நாற்காலியில் நானும் அக்காவும். அம்புக்குறிகள் அவளுக்கு, ஷிஃப்ட் எனக்கு. ஆட்டத்துப் பையன் விளிம்பில் தொங்கும்போது, “ஏல, ஷிஃப்ட விட்றாதல!” என்று என் தோளை உலுக்குவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவேன், அவன் உயிரே என் சுண்டுவிரலில் இருப்பதுபோல. சிவப்புக் குமிழி வந்தால் மருந்து, நீலம் என்றால் விஷம். எங்கள் கறுப்பு வெள்ளைத் திரையில் இரண்டுமே சாம்பல் நிறம்தான், சாமி பேரைச் சொல்லித்தான் குடிக்கவைப்போம். செத்தால் அந்தக் கட்டத்தை மறுபடி தொடங்கலாம். ஆனால் இளவரசியைக் காப்பாற்ற இருந்த 60 நிமிடத்தில் போனது போனதுதான்.

அவன் ஓடி நிற்கையில் கால் சற்றே சறுக்கும், எம்பித் தொற்றுகையில் உடம்பு கனக்கும். ஜோர்டான் மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் குதிக்கவும் விட்டுப் படம்பிடித்து, அதைப் பார்த்து ஒவ்வோர் அசைவாக வரைந்து 1989-ல் செய்த ஆட்டம் என்பது பிற்பாடு தெரிந்தது. அதுவரை அவனை நிஜ ஆள் என்றே நாங்கள் பாவித்திருந்தோம். அது சரியாகவே இருந்திருக்கிறது.

1999-ல் முப்பரிமாணத்தில் வந்தவன் கைக்கு அடங்கவில்லை. தொடர் அதோடு படுத்துவிட்டது. 2003-ல் யுபிசாஃப்ட் நிறுவனத்தின் மான்ட்ரியல் குழு, மெக்னரையே கதை எழுதவைத்து, ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கொண்டுவந்தது. சுவரில் நாலடி ஓடித் தாவுகிற அந்த உடம்பில் பழைய கனம் இருந்தது. கூடவே ஒரு மாயக் கத்தி: பள்ளத்தில் விழுந்தவன் ஒரு பொத்தானை அழுத்தினால் விழுந்த வழியே மேலேறி வருவான். எங்களைப் பதறவைத்த அதே நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். 2010-க்குப் பிறகு மறுபடி நீண்ட தூக்கம். 2024-ல் ‘தி லாஸ்ட் கிரவுன்’ வந்தது. கடத்தப்பட்ட இளவரசனைத் தேடிப் போகும் சர்கோன்தான் இதில் நாயகன். ஆட்டம் பழைய பக்கவாட்டுப் பார்வைக்கே திரும்பியிருக்கிறது, வேண்டுமென்றால் பாரசீக மொழியிலேயே பேசவும் செய்கிறார்கள்.

நொடித்துப்போன ஒன்றைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் முதலில் அதன் உயிர்நிலை எது என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பிரின்ஸுக்கு அது உடம்பின் கனமும் நேரத்தின் அருமையும். இரண்டையும் மதித்தவர்களிடம் அவன் எழுந்து வந்திருக்கிறான்; இனியும் வருவான்.