ஏன் எம்.பி.ஏ.?

கேட் பரீட்சை இரண்டே மணி நேரம்தான். அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் ஐந்து மாதம். நவம்பர் கடைசியில் பரீட்சை, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ரிசல்ட், அப்புறம் எந்த ஐ.ஐ.எம்.மிலிருந்து கால் வரும் என்ற கவலை, பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இன்டர்வியூ, ஏப்ரல் மே வாக்கில் முடிவு. இதற்குள் கூடப் படித்தவர்கள் கேம்பஸில் வேலை வாங்கி ட்ரீட்டே வைத்துவிடுவார்கள். "பி.காம். படிச்சுட்டு சி.ஏ. பண்ணாம இது என்னத்துக்கு?" என்று கேட்க வீட்டுக்கு ஒரு மாமாவாவது இருப்பார்.

கால் வந்துவிட்டாலும் நிம்மதி கிடையாது. ஐ.ஐ.எம். பெங்களூர் போன்ற இடங்களில் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கையும் கணக்கில் எடுக்கிறார்கள். பதினைந்து வயதில் கோட்டைவிட்ட மார்க் இருபத்தொரு வயதில் வந்து கதவைத் தட்டும். அதை இனி மாற்ற முடியாது. கையில் மிச்சமிருப்பது சின்னதாக ஒரு கட்டுரைத் தேர்வும், இருபது நிமிஷ இன்டர்வியூவும்தான்.

அதனால் எல்லோரும் விழுந்து விழுந்து தயார் செய்கிறார்கள். பேப்பரில் தலையங்கம், பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட், ரெப்போ ரேட், எதிர்க் கேள்விக்கு எதிர்ப் பதில். கூடவே "ஏன் எம்.பி.ஏ.?" என்பதற்கு சீனியரிடம் வாங்கிய விடை. தலைமைப் பண்பு, பெரிய கனவு, சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்பது என்று அச்சு பிசகாமல் வரும். காலையிலிருந்து அதே பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கும் பேராசிரியருக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தூக்கம் வந்துவிடும் :)

அவர் மெதுவாக வேறு பக்கம் திரும்புவார். "பி.காம். தானே? தேய்மானம் என்று லாபத்தில் கழிக்கிறீர்களே, அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது?"

மூன்று வருஷமாக நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்ட பிள்ளை இங்கேதான் திணறும். இரண்டு பக்கமும் டேலி ஆனால் போதும் என்று பழகிவிட்டோமே! உண்மையில் பணம் யார் கைக்கும் போகவில்லை. மெஷின் வாங்கிய அன்றே போய்விட்டது. அந்தச் செலவை மெஷின் உழைக்கும் வருஷங்களுக்குப் பிரித்து எழுதுகிறோம், அவ்வளவுதான். கேஷ் ஃப்ளோ போடும்போது அதைத் திரும்பக் கூட்டிக்கொள்வதும் இதனால்தான். இதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் புரியவைக்க முடிந்தால் பேராசிரியருக்கு இங்கிலீஷிலும் சொல்லிவிடலாம்.

அடுத்த கேள்வி ஊரைப் பற்றி வரும். திருப்பூர்ப் பையன் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியது பற்றி அவன் பேப்பரில் படித்து மனப்பாடம் செய்திருப்பான். அதே சமயம் அவன் வீட்டிலேயே அப்பா நாலு பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துக்கொண்டிருப்பார். "ஏம்ப்பா, பில்லு போட்டா எத்தன நாள்ல பணம் வருது?" என்று ஒருநாளும் கேட்டிருக்க மாட்டான்.

கேட்டால் ஒரு பாடமே கிடைக்கும். சனிக்கிழமை ஆனால் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கம்பெனியிலிருந்து பணம் இரண்டு மாதம் கழித்து வந்தால் நடுவில் கைமாற்றோ வட்டியோதான். ஒர்க்கிங் கேப்பிட்டல் என்று புத்தகத்தில் இருப்பது இந்த இடைவெளிதான். 2006ஆம் வருஷத்துச் சிறு குறு தொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் வந்தாக வேண்டும். சட்டம் இருந்தும் அப்பா ஏன் புகார் கொடுப்பதில்லை? கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். இது எந்தக் கோச்சிங் சென்டர் நோட்ஸிலும் இருக்காது.

ஆர்டர் இருந்தும் கையில் காசு இல்லாமல் போவது ஏன், அதைச் சரிசெய்ய வழி உண்டா என்று அவன் யோசிக்க ஆரம்பித்தால், "ஏன் எம்.பி.ஏ.?" என்பதற்குச் சொந்தமாக ஒரு பதில் வந்துவிடும். அப்படியே சீட் கிடைக்காமல் போனாலும் அந்தக் கேள்வி அவனுடையது. சீனியரிடம் வாங்கிய பதிலை மே மாதம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கால் வந்தவர்களுக்கு வாழ்த்துகள். டை கட்டவும் பழகிக்கொள்ளுங்கள், அது தனி சப்ஜெக்ட்!