அங்கே ஏழரை மணி

2023 மே 12, வெள்ளி
மழை. அம்மாயிக்கு இன்னைக்கும் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். கொழுந்து கிலோ வரலையாம். கிலோ வரலன்னா 1000 ரூபா கிடையாது. முட்டி வீங்கியிருக்கு.

அம்மா குவைத்துல இருந்து இமோவுல வந்தாங்க. இங்க பத்து, அங்க ஏழரை. குசினி மூலையில நின்னு மெதுவாப் பேசுறாங்க. தம்பி தூங்கிட்டான். எழுப்பவான்னேன். வேணாம்னாங்க. வைக்கும்போது, எழுப்பியிருக்கலாம்னாங்க. எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொன்னேன்.

மே 14, ஞாயிறு
தண்ணி பிடிக்கிற பீலியடியில தம்பி என்னைய அம்மான்னு கூப்பிட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. வெட்கம், கோபம். அக்கான்னு சொல்லுடான்னேன். ராத்திரி என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே மறுபடியும் அம்மான்னான். ஒண்ணும் சொல்லல. பிடிச்சிருந்துச்சு.

மே 17, புதன்
வயித்துவலி. கணக்கு ஏறல. அப்பா கொழும்புல இருந்து போன் எடுத்தாரு, காசு வந்துச்சான்னு. வேற ஒண்ணும் கேக்கல.

அம்மா ரெண்டு நிமிசம்தான் பேசினாங்க. நல்லா இருக்கோம்னேன்.

மே 20, சனி
கீழ் லயத்து அக்காவும் குவைத் போறாங்க. குடும்பப் பின்னணி அறிக்கைக்கு அலையிறாங்க. முந்தி அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்தா அம்மாமார் போக முடியாது. போன வருசம் அதை ரெண்டாக்கினாங்க. நாட்டுல டொலர் இல்லாத நேரம். தம்பிக்கு ரெண்டு முடிஞ்சதும் அம்மா போயிட்டாங்க.

அப்ப எங்க வீட்டுக்கும் வந்து கேட்டாங்க, பிள்ளையை யாரு பாக்குறதுன்னு. அம்மாயி பேரை எழுதிக்கிட்டாங்க. அம்மாயி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனா யாரு பாக்குறதுன்னு யாரும் கேக்கல. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு அம்மா வேணாம்னு யாருக்குத் தோணிச்சு? நினைச்சா நெஞ்செல்லாம் எரியுது.

ஆனா அந்தக் காசு வரலன்னா எனக்கு டியூசனும் இல்ல, அவனுக்குப் பால்மாவும் இல்ல.

மே 23, செவ்வாய்
தம்பிக்குக் காய்ச்சல். பிள்ளைங்களைப் பாத்துக்கிற புள்ளக்காம்பராவுல எடுக்கமாட்டேன்னுட்டாங்க. டியூசன் போகல. அவனைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு. வரலாற்றுக் கொப்பியில வாந்தி.

நல்லா இருக்கோம்னேன். அவன் அழுத சத்தம் கேட்டுச்சு போல. டீவியான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

மே 26, வெள்ளி
காய்ச்சல் விட்டுருச்சு. ரொட்டி கேட்டான். அப்பாடா.

அம்மாயி சோறு போட்டுக்கிட்டே சொல்லுச்சு: ஓ.எல். முடியட்டும், நீ வீட்டுல நில்லு, என்னால முடியல ஆத்தா. பாவம், அதாலயும் முடியலதான். எனக்குத் தொண்டையில சோறு இறங்கல. ஏ.எல்.லுக்கு டவுன் ஸ்கூலுக்குப் போகணும் நான். போகணும். அம்மா போனதே அதுக்குத்தானே?

மே 28, ஞாயிறு
இன்னைக்கு நல்லா இருக்கோம்னு சொல்லல. அம்மாயி முட்டி, தம்பி காய்ச்சல், என்னைய நிப்பாட்டப் போறது, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசல. லைன் போச்சோன்னு பாத்தேன், போகல. நீ நாளைக்குப் பரீட்சையை எழுது, அம்மாயிக்கிட்ட நான் பேசுறேன்னாங்க. என்ன பேசப் போறாங்கன்னு தெரியல. தம்பியைக் கேட்டாங்க. குடுத்தேன். போனைப் பாத்துட்டு என் பின்னால ஒளிஞ்சுக்கிட்டான்.

அட்மிஷன் எடுத்து வச்சாச்சு. பேனா ரெண்டு. காலையில தம்பியை யாருக்கிட்ட விடுறதுன்னு இன்னும் முடிவாகல. கீழ் லயத்து அக்காவைக் கேக்கணும்.