பால் சட்டியில் ஒரு வால்வு

பெரியப்பாவின் அம்பாசடரில் எனக்கு இரண்டு உத்தியோகம். வண்டி மேட்டில் நின்றால் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் டிக்கியில் கிடக்கும் கடலெண்ணெய் டின்னில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். சம்பளம், கொடைக்கானல் ஏழு ரோட்டில் ஒரு பன்னும் டீயும். வத்தலக்குண்டிலிருந்து மலைக்கு வாடகைக்குப் போகிற வண்டி அது. உள்ளே ரெக்சின் சீட்டு, ஊதுபத்தி, யாரோ முந்தின வாரம் எடுத்த வாந்தி, மூன்றும் கலந்த ஒரு வாசனை எப்போதும் இருக்கும். மூன்றாவதைப் பெரியப்பா கடைசிவரை ஒத்துக்கொண்டதில்லை.

ஒரு வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு வண்டிக்குச் சீக்கு வந்தது. காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டி, செகண்ட் கியரில் முனகிக்கொண்டே ஏறி, டம்டம் பாறை வருவதற்குள் மீட்டர் முள் ஒரேயடியாகச் சாய்ந்துவிடும். முதலில் காய்ந்த இரும்பு வாடை, பிறகு பானட் இடுக்கில் இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி, அதற்கும் பிறகு பெரியப்பாவின் வசவு. ரேடியேட்டர் மூடியை உடனே தொடக் கூடாது, மூஞ்சி வெந்துவிடும். அரைமணி நேரம் ஆறப்போட்டு, ஈரக்கோணியைப் போர்த்தி அரைத்திருகு திருகி, உஸ்ஸென்ற சீறல் அடங்கிய பிறகுதான் அடுத்த திருகு. தண்ணீரையும் மடமடவென்று ஊற்றிவிட முடியாது. சூட்டு இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று, இன்ஜினை ஓடவிட்டுப் பைய ஊற்றுவார். அதுவரை வந்தவர்கள் எதிரே வெள்ளைக்கோடாய்த் தொங்கும் எலிவால் அருவியைப் பார்ப்பார்கள். குரங்குகள் அவர்கள் கைப்பையைப் பார்க்கும்.

"மனுசனுக்கே அம்புட்டு மேடு ஏறுனா மூச்சு வாங்குது" என்றாள் அப்பத்தா. மலைமேல் ஒரு கல்யாண வீட்டில் எவ்வளவு நேரம் எரித்தும் பருப்பு வேகவே இல்லை, அந்த ஊர் தண்ணியே ஒரு தினுசு என்பாள். மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், கொடைக்கானல் உயரத்தில் ஏறத்தாழ 93 டிகிரியே போதும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அப்பத்தா தொண்ணூறு சதவீதம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று தோன்றியது. நானோ வண்டிக்குக் காய்ச்சல் என்றே முடிவுகட்டி, பம்பரில் ஒரு கொத்து வேப்பிலையைக் கட்டிவிட்டேன். அம்மா வேண்டுதலுக்குக் கட்டியிருப்பாள் என்று நினைத்துப் பெரியப்பா அதை அவிழ்க்காமலே ஒரு வாரம் வண்டி ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். காதில் ஒரு பீடி, நகக்கண்ணெல்லாம் கிரீஸ். வந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. வைத்தியர் மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார், அரை அங்குலம் இறங்கியது, சரிதான். வாட்டர் பாடியைப் பிடித்து ஆட்டினார், ஆடவில்லை. ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்து, "பால் கலக்கல, கேஸ்கெட் தப்பிச்சுது அண்ணே" என்றார். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "ஆத்தா, அடுப்புல ஒரு சட்டில தண்ணி வைங்களேன்" என்றார்.

டீ கேட்கிறார் என்று நினைத்து அப்பத்தா பால் சட்டியை வைத்தாள். மேஸ்திரி இன்ஜினிலிருந்து கழற்றிய பித்தளை வில்லையை நூலில் கட்டி அதற்குள் இறக்கினார். அதுதான் தெர்மோஸ்டாட் வால்வு. இன்ஜின் சூடேறும்வரை மூடிக்கிடந்து, 82 டிகிரி வாக்கில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் காவல்காரன். அது திறக்காமல் மக்கர் பண்ணினால் உள்ளேயே கிடந்து கொதிக்கும். நாங்கள் எல்லாரும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கியபோது, தூங்கிய கோழி கண் விழிப்பதுபோல வில்லை நடுவில் மெல்லத் திறந்தது. வால்வு நிரபராதி. சட்டிதான் தண்டனை பெற்றது. அப்பத்தா அதை அதன்பிறகு அடுப்பில் ஏற்றவே இல்லை. அம்பாசடர் தயாரிப்பை 2014-ல் உத்தர்பாராவில் நிறுத்திவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தபோது, எனக்கு வண்டிக்கு முன்னால் அந்தச் சட்டிதான் ஞாபகம் வந்தது.

வால்வை மாட்டி, இன்ஜினைச் சூடேற்றி அணைத்துவிட்டு, மேஸ்திரி ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "இங்கிட்டு சுடுது. அங்கிட்டு சில்லுன்னு கெடக்கு." உள்ளே ஈர்க்குச்சி கனத்தில் இருக்கும் குழாய்களில் பாதி அடைத்துக்கிடந்தால் அப்படித்தான் இருக்குமாம். எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி, கீழ்வாயில் ஹோஸைச் சொருகித் தண்ணீரைத் திறந்துவிட்டார். முதலில் துருத்தண்ணி; பிறகு குழம்பாகச் செம்மண்; கடைசியில், வாசலில் நின்ற அத்தனை பேர் பார்க்க, குட்டியாக ஒரு நத்தை ஓடு.

"அண்ணே, தண்ணி எங்க புடிக்கிறீக?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். தெருக்குழாயில் எப்போதும் பத்துப் பதினைந்து குடம் வரிசை நிற்கும். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், மழைக்குப் பிறகு டீ நிறத்தில், டின்னை ஒரு முக்கு முக்கினால் வேலை முடிந்தது. வண்டியா குடிக்கப் போகிறது, ரேடியேட்டர்தானே என்று அப்போது எனக்கு ஒரு நியாயம் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்து, நத்தை ஓட்டைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அவர் வையவில்லை. அடுத்த வாரம் டின்னின் வாயில் அவருடைய பழைய வேட்டித் துண்டு ஒன்று வடிகட்டியாகக் கட்டியிருந்தது. பக்கத்தில், தண்ணீர் மொள்ள, அப்பத்தாவின் பால் சட்டி. குழாய் வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்று பிடித்து வந்தேன். அன்று டம்டம் பாறையில் முள் பாதிக்கு மேல் போகவில்லை, வண்டியும் நிற்கவில்லை. குரங்குகள் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தன. மடியில் கல்லை வைத்துக்கொண்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.